எக்ஸ்ப்ளோடட் வியூ அனிமேஷன்: எந்தப் பாகம் முதலில் கழல வேண்டும்?

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் பிளம்மர் பிளாக் ஒன்றின் அசெம்பிளியை (பாகங்கள் சேர்ந்த முழு மாடலை) வரைந்து, அதன் பாகங்கள் பிரிந்து மீண்டும் சேரும் எக்ஸ்ப்ளோடட் வியூ அனிமேஷனைச் செய்து பார்த்திருக்கிறீர்கள். பாகங்கள் சிதறுகின்றனவே தவிர எதுவும் புரியவில்லை, நட் தவறான திசையில் சுற்றுவதுபோல் தெரிகிறது, மாடலைத் திருப்பிக் காட்டிய கோணங்கள் வீடியோவில் பதிவாகவில்லை என்று மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்து ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்பின் சர்வீஸ் வீடியோவுக்கு இதையே செய்ய வேண்டியிருப்பதால், எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின்னிரண்டு குறைகளும் மென்பொருளில் முன்கூட்டியே அமைந்திருக்கும் தேர்வுகளால் வருபவை; அவற்றைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். முதல் குறை அப்படிப்பட்டதல்ல. கழற்றும் வரிசையை முடிவுசெய்யாமல் மவுஸைக் கையில் எடுத்தால் எந்த மென்பொருளிலும் அந்தக் குறை வரும். ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிளம்மர் பிளாக்கில் பாகங்கள் குறைவு. வார்ப்பிரும்பு பாடி, அதன்மேல் கேப், இரண்டுக்கும் நடுவே மேல்பாதி கீழ்ப்பாதியாகப் பிளந்த பிராஸ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் உலோக உறை), இரண்டு சதுரத்தலை போல்ட்டுகள், ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு நட், அது தளராமல் பிடிக்க ஒரு லாக் நட் என்று மொத்தம் பத்துப் பாகங்கள்தான். இதில் பலரும் சறுக்கும் இடம் போல்ட். போல்ட் என்றாலே மேலிருந்து இறங்குவது என்ற பழக்கத்தில், நட்டையும் போல்ட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மேல்நோக்கி இழுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் போல்ட் பாடியின் அடிப்பக்கத்திலிருந்து செருகப்படுவது. அதன் சதுரத்தலை பாடியின் அடியிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்து, நட்டை இறுக்கும்போது போல்ட் கூடவே சுற்றாமல் தடுக்கிறது. மேலே இழுத்தால் அந்தத் தலை உலோகத்தைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். மென்பொருள் இதைத் தடுக்கவும் செய்யாது, எச்சரிக்கவும் செய்யாது; எக்ஸ்ப்ளோட் நகர்வு மேட்டுகளையோ (பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கட்டுப்பாடுகள்) பாகங்களின் மோதலையோ பொருட்படுத்துவதில்லை.

எனவே சரியான வரிசையில் லாக் நட், நட், கேப், மேல் பிராஸ் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக மேலே செல்லும். போல்ட்டுகள் கீழே இறங்கும். மாடலில் ஷாஃப்ட் இருந்தால் அது உயர்ந்த பிறகே கீழ் பிராஸ் வெளிவரும். அந்தக் கீழ் பிராஸின் அடியில் ஸ்னக் என்னும் சிறு முளை பாடியின் துளைக்குள் நிற்கிறது; இரு முனைகளிலும் காலர்கள் பாடியை அணைத்துக்கொண்டிருக்கின்றன. அதைச் சுழற்றவும் முடியாது, பக்கவாட்டில் உருவவும் முடியாது, செங்குத்தாகத் தூக்க மட்டுமே முடியும். இப்படி ஒவ்வொரு பாகத்துக்கும் உண்மையில் திறந்திருக்கும் வழி எது என்று பார்த்து நகர்த்தினால், பார்ப்பவருக்கு அந்த முளையும் காலரும் எதற்காக இருக்கின்றன என்பதும் விளக்கமில்லாமலே புரிந்துவிடும். பத்துப் பாகங்களையும் ஆறு திசைகளில் பறக்கவிட்டால் அது புரியாது.

ஆகவே மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில், எந்தப் பாகம் அசையாமல் நிற்கும், எது எதற்குப் பின் கழலும், எந்தத் திசையில் கழலும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொருளைக் கையால் கழற்றிய ஃபிட்டர் யாராவது அருகில் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுவது இன்னும் நல்லது. டிசைன் செய்தவருக்குப் பாகங்கள் எப்படிச் சேர்கின்றன என்பது தெரியும். எந்த இடத்துக்குள் ஸ்பானர் நுழையாது என்பது ஃபிட்டருக்குத்தான் தெரியும்.

எது அசையாமல் நிற்க வேண்டும் என்பது உங்கள் பம்பில் பெரிய கேள்வி. ஐஎஸ்ஓ 2858 என்ற சர்வதேசத் தர அளவுகளின்படி செய்யப்படும் எண்ட் சக்ஷன் பம்புகள் (ஒரு முனை வழியே திரவம் உள்ளே வருபவை) பெரும்பாலும் பேக் புல்-அவுட் அமைப்பில் இருக்கும். அதாவது சக்ஷன், டெலிவரி பைப்புகளோடு இணைந்த கேசிங் (பம்பின் வெளிக்கூடு) இருந்த இடத்திலேயே இருக்க, இம்பெல்லர் (திரவத்தைத் தள்ளும் சக்கரம்), கேசிங் கவர், ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் ஆகியவை ஒரே தொகுதியாக மோட்டார் பக்கம் பின்னால் உருவப்படும். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் ஸ்பேசர் என்னும் இடைத்துண்டு இருந்தால் மோட்டாரைக்கூட அசைக்க வேண்டியதில்லை. ஸ்பேசரைக் கழற்றினால் கிடைக்கும் இடைவெளியே போதும். சாலிட்வொர்க்ஸில் வரையும்போது வசதிக்காக பேரிங் ஹவுசிங்கை ஃபிக்ஸ் செய்துவிட்டு, அனிமேஷனில் கேசிங்கை முன்னால் தள்ளிவிடுவது மிக எளிது. அந்த வீடியோவைப் பார்க்கும் மெக்கானிக், இம்பெல்லரைப் பார்ப்பதற்குப் பைப் லைனின் ஃபிளாஞ்சுகளைக் கழற்ற வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். பம்பின் மொத்த அமைப்பும் எதைத் தவிர்ப்பதற்காக உருவானதோ, அதையே செய்யச் சொல்லும் வீடியோ ஆகிவிடும்.

வரிசை இப்படி அமையும். முதலில் ஸ்பேசர் மேலே வரும். பிறகு கேசிங் நட்டுகளும், பேரிங் ஹவுசிங்கின் கீழுள்ள தாங்குகாலை பேஸ் பிளேட்டோடு பிணைக்கும் போல்ட்டும் கழலும். பிறகு முழுத் தொகுதியும் பின்னால் நகரும். இதற்குப் பின்னர் திசை மாறுகிறது: இம்பெல்லர் நட், இம்பெல்லர், அதை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் கீ ஆகியவை முன்னால், அதாவது காலியாகிவிட்ட கேசிங்கை நோக்கி வருகின்றன. ஷாஃப்ட் வழியே திரவம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலில் இன்னொரு கண்ணி உண்டு. சீலின் நிலையான முகம் கவருக்குப் பின்புறமுள்ள கிளாண்ட் பிளேட்டில் அமர்ந்திருக்கும் வகையில், சுழலும் பகுதி கவரின் அறைக்குள் இருக்கும். அந்த அறையின் இம்பெல்லர் பக்க வாய் குறுகலானது. இம்பெல்லரைத் தொடர்ந்து சீலையும் நேராக முன்னால் இழுத்தால், அது அந்தக் குறுகிய வாயைத் துளைத்துக்கொண்டு வரும். கிளாண்ட் நட்டுகளைக் கழற்றி, கவரை முதலில் முன்னால் எடுத்து, அதன் பிறகே ஷாஃப்ட்டின் மேலுள்ள ஸ்லீவோடு (உறைக்குழாயோடு) சேர்ந்த சுழலும் பகுதியையும் கடைசியில் கிளாண்ட் பிளேட்டையும் எடுக்க வேண்டும். உங்கள் பம்பின் செக்ஷன் டிராயிங்கில் இந்த ஓர் இடத்தைக் கட்டாயம் பெரிதாக்கிப் பாருங்கள்.

எதைப் பிரிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே முடிவுசெய்துவிடலாம். பால் பேரிங்கை உள்வளையம், குண்டுகள், கேஜ், வெளிவளையம் என்று பிரிப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சர்வீஸில் யாரும் பேரிங்கைப் பிரிப்பதில்லை, முழுதாக மாற்றுகிறார்கள். ஸ்பேர் லிஸ்ட்டில் ஒரே எண்ணில் வருவது அனிமேஷனிலும் ஒரே துண்டாக நகர வேண்டும்.

இனி மென்பொருள் வேலை. அனிமேஷனுக்கென்று அசெம்பிளியில் தனி கான்ஃபிகரேஷன் (அதே மாடலின் மாற்று வடிவம்) ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்; உற்பத்தி டிராயிங்குகளுக்குப் போகும் கான்ஃபிகரேஷனில் கை வைக்க வேண்டாம். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து நியூ எக்ஸ்ப்ளோடட் வியூவைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு நகர்வும் ஒரு படியாகப் பட்டியலில் சேரும். தாளில் எழுதிய வரிசையிலேயே படிகளை உருவாக்குங்கள். பிசகினால் பட்டியலில் இழுத்து மாற்றிக்கொள்ளலாம். நகர்த்தும் அம்புகள் அசெம்பிளியின் அச்சுகளோடு பொருந்தாமல் சாய்ந்த பாகம் இருந்தால், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அந்த அம்புத் தொகுதியைப் பாகத்தின் விளிம்பிலோ முகத்திலோ கொண்டுபோய் வைத்தால் திசை அதற்கேற்பத் திரும்பிவிடும். ஒரே படியில் நகர்வையும் சுழற்சியையும் சேர்த்துக் கொடுக்கலாம். இரண்டு நட்டுகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துச் சுழற்றும்போது, ஒவ்வொரு பாகமும் தன் அச்சிலேயே சுழல வேண்டும் என்ற தேர்வைக் குறியிட மறந்தால், இரண்டும் ஒரே அச்சைச் சுற்றி ராட்டினம்போல் சுற்றிவரும். ஃபிளாஞ்சைச் சுற்றியுள்ள பாகங்களை ஆரத்தின் வழியே வெளியே நகர்த்த ரேடியல் படி இருக்கிறது. ஆனால் பம்பு ஃபிளாஞ்சின் ஸ்டட்டுகள் அச்சுக்கு இணையாகத்தான் கழலும் என்பதால் இங்கே அதற்கு வேலை இல்லை. துணை அசெம்பிளிக்கு ஏற்கெனவே எக்ஸ்ப்ளோடட் வியூ செய்திருந்தால், மேல் அசெம்பிளியில் அதை அப்படியே மறுபயன்பாடு செய்துகொள்ளலாம். எக்ஸ்ப்ளோட் நிலையில் இருக்கும்போது புதிய மேட் சேர்க்க முடியாது. மேட் கட்டளை வேலை செய்யவில்லை என்று குழம்பினால் முதலில் அசெம்பிளியை மீண்டும் சேர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

தூரங்களைப் பொறுத்தவரை, தானாகச் சம இடைவெளி விடும் வசதியை நான் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. கேஸ்கெட்டுக்கும் (கசிவைத் தடுக்கும் தகடு) இம்பெல்லருக்கும் ஒரே இடைவெளி விட்டால், மெல்லிய கேஸ்கெட் தனியாக மிதப்பதுபோல் தெரியும். அது எதன்மேல் உட்காருகிறதோ அதற்குச் சற்று அருகிலேயே நிற்பது நல்லது. பம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னால் நகர்ந்த தொகுதிக்கும் கேசிங்குக்கும் இடையில்தான் இம்பெல்லர் முதல் கவர் வரை எல்லாம் வரிசையாக நிற்க வேண்டும். ஆகவே முழுத் தொகுதியும் நகரும் அந்தப் படிக்குத் தற்காலிகமாக ஒரு தூரத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை முடித்த பிறகு திரும்பிவந்து அதன் எண்ணைத் திருத்துங்கள். இப்படிச் செய்தும் வரிசை நீண்டு திரையின் அகலத்தை மீறினால், பாதிப் பாகங்களை அச்சிலிருந்து பக்கவாட்டில் ஒதுக்கி, எந்தப் பாகம் எங்கே சேர்கிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளோட் லைன் ஸ்கெட்சால் மடித்துக் காட்டலாம். பழைய ஸ்பேர் பார்ட்ஸ் புத்தகங்களில் இந்த முழங்கால் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அச்சு விட்டுப்போகாமல் பிரிப்பது பழைய கலைதான்: பதினைந்தாம் நூற்றாண்டிலேயே லியொனார்டோ டா வின்சி பளு தூக்கும் பொறி ஒன்றை ஒரே தாளில் முழுதாகவும், அருகிலேயே அதன் பல்சக்கரங்களை ஒரே அச்சில் பிரித்தும் வரைந்திருக்கிறார்.

எக்ஸ்ப்ளோடட் வியூ முடிந்ததும், மோஷன் ஸ்டடி என்னும் அனிமேஷன் பகுதியில் அனிமேஷன் விசார்டைத் திறந்தால் மாடலைச் சுழற்று, எக்ஸ்ப்ளோட், கொலாப்ஸ் (மீண்டும் சேர்த்தல்) ஆகிய தேர்வுகள் கிடைக்கும். எக்ஸ்ப்ளோடட் வியூ இல்லாவிட்டால் பின்னிரண்டும் மங்கலாகவே இருக்கும். விசார்ட் நீங்கள் கொடுத்த மொத்த நேரத்தைப் படிகளுக்குப் பங்கிட்டு வரிசையாக அடுக்கிவிடும். அது ஒரு கரடு வரைவு மட்டுமே. அதை அப்படியே வெளியிட்டால் எட்டு கேசிங் நட்டுகளும் எட்டு முறை சலிப்பூட்டும். ஒரேமாதிரி நட்டுகள் ஒரே படியில் சேர்ந்து கழலட்டும். டைம்லைனில் உள்ள கீ-பாயின்ட்டுகளை (நகர்வு தொடங்கும், முடியும் நேரத்தைக் குறிக்கும் புள்ளிகளை) இழுத்து, ஒரு பாகம் நின்றுமுடிவதற்குச் சற்று முன்பே அடுத்தது கிளம்புமாறு கொஞ்சம் மேற்படியவிட்டால் ஓட்டம் கிடைக்கும். ஆனால் திசை மாறும் இடத்தில், அதாவது தொகுதி பின்னால் வந்து நின்ற பிறகு, மேற்படிதல் வேண்டாம். அங்கே ஒரு விநாடி முழு நிறுத்தம் கொடுங்கள். சீல் வெளிவரும் கட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் மெக்கானிக் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கப்போவது அந்த இடத்தைத்தான். கீ-பாயின்ட்டின் இன்டர்போலேஷன் வகையை நேர்கோட்டு வேகத்திலிருந்து, மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும் ஈஸ் இன்-அவுட் வகைக்கு மாற்றினால், பாகங்களுக்கு எடை இருப்பதுபோன்ற தோற்றம் வரும்.

நட் தவறான திசையில் சுற்றுவதாகச் சொன்னீர்களே, உங்கள் சுழற்சிக் கோணத்தின் குறியைப் பார்ப்பதற்கு முன் சேமிக்கும் சாளரத்தில் ஃப்ரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் என்பதைப் பாருங்கள். சாலிட்வொர்க்ஸ் அங்கே விநாடிக்கு 7.5 ஃப்ரேம் என்று வைத்திருக்கும். நட் விநாடிக்கு ஒரு சுற்று சுழல்வதாகக் கொள்வோம்; ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது 48 பாகை திரும்புகிறது. அறுகோண நட் 60 பாகைக்கு ஒருமுறை பழைய தோற்றத்துக்கே வந்துவிடும். ஆகவே கண் அதை 48 பாகை முன்னே திரும்பியதாக எடுத்துக்கொள்ளாமல், 12 பாகை பின்னே திரும்பியதாக எடுத்துக்கொள்கிறது. இடப்புறமாகக் கழலும் நட், மேலே ஏறிக்கொண்டே வலப்புறமாக இறுகுவதுபோல் தெரிவது இதனால்தான். ஃப்ரேம் வேகத்தை 24 ஆக்கினால் அதே நட் ஃப்ரேமுக்கு 15 பாகை மட்டுமே திரும்பும், குழப்பம் நீங்கிவிடும். உண்மையான சுற்றுகள் எல்லாவற்றையும் காட்ட முயலவும் வேண்டாம். எம்12 நட்டின் உயரம் சுமார் 10.8 மில்லிமீட்டர், புரியிடைத் தூரம் 1.75 மில்லிமீட்டர், தன் உயரத்தைக் கடக்கவே அதற்கு ஆறு சுற்றுக்கு மேல் வேண்டும். ஒரு சுற்று சுழன்று, பிறகு நேராக மேலே போனால் போதும். இடப்புரி நட் (வலப்புறம் சுற்றினால் கழலுவது) எங்காவது இருந்தால் மட்டும் விதிவிலக்கு: அங்கே வேகத்தைக் குறைத்து, அருகில் கொண்டுபோய், திசையை அம்புக்குறியோடு காட்ட வேண்டும். மெக்கானிக் ஸ்பானரை எதிர்த்திசையில் இழுத்துப் புரியைக் கெடுப்பது அந்த ஒரு நட்டில்தான்.

கோணங்கள் பதிவாகாததற்குக் காரணம் எளியது. மோஷன் ஸ்டடியின் பட்டியலில் ஓரியண்டேஷன் அண்ட் கேமரா வியூஸ் என்ற வரி இருக்கிறது. அதில் வியூ கீ (பார்க்கும் கோணத்தைப் பதியும் புள்ளி) உருவாக்கம் தடுக்கப்பட்ட நிலையிலேயே வரும். ரைட் கிளிக் செய்து அந்தத் தடையை நீக்குங்கள். நீக்கிய பிறகு கவனமும் தேவை: டைம் பார் எந்த விநாடியில் நிற்கிறதோ அங்கே நீங்கள் செய்யும் ஒவ்வொரு ஜூமும் திருப்பலும் பதிவாகிவிடும். ஆகவே டைம் பாரை வைத்து, கோணத்தை அமைத்து, உடனே தடையை மீண்டும் போட்டுவிடுவது நல்ல பழக்கம். பம்பு முழுவதற்கும் மூன்று நான்கு கோணங்களுக்கு மேல் தேவைப்படாது. கேமராவும் பாகமும் ஒரே நேரத்தில் நகர்ந்தால், எது எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஒன்று நின்ற பிறகே மற்றது நகரட்டும்.

சர்க்ளிப் (காடியில் அமரும் பூட்டு வளையம்), ஓ-ரிங், ஸ்பிரிங் போன்றவை வளைந்து கொடுத்து வெளிவருபவை. மாடலில் அவை விறைத்த துண்டுகள். காடியில் உட்கார்ந்த நிலையில் வரையப்பட்ட சர்க்ளிப்பை நேராக இழுத்தால் ஷாஃப்ட்டின் உலோகத்தை ஊடுருவிக்கொண்டு போகும். இதற்கு நான் செய்வது, விரிந்த நிலையில் வரைந்த இன்னொரு சர்க்ளிப்பை அதே இடத்தில் வைத்து, கழலும் கணத்தில் முதலாவதை மறைத்து இரண்டாவதைக் காட்டுவது. பார்ப்பவருக்கு அது பிளையரால் விரித்ததுபோலவே தெரியும்.

வேறு மென்பொருளுக்கு மாறினாலும் வேலை பெரிதாக மாறாது. ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் இதற்கென்று ஐபிஎன் என்னும் தனிக் கோப்பு உண்டு. அதில் ட்வீக் கட்டளையால் பாகங்களை நகர்த்தினால் அவை ஸ்டோரிபோர்டில் பட்டைகளாக நிற்கும், அசெம்பிளிக் கோப்பு மாறாது. இந்தப் பிரிவினை எனக்கு சாலிட்வொர்க்ஸின் முறையைவிடப் பிடிக்கும். ஃபியூஷனில் அனிமேஷன் பகுதிக்குள் ஆட்டோ எக்ஸ்ப்ளோட் இருக்கிறது. ஒரு மட்டம், எல்லா மட்டம் என்று இரண்டு வகை. எல்லா மட்டத்தையும் தேர்ந்தெடுத்தால் பேரிங்கின் குண்டுகள்வரை சிதறிவிடும். அங்கே டைம்லைனின் தொடக்கத்துக்கு முன்னுள்ள ஸ்கிராட்ச் பகுதியில் செய்யும் மாற்றங்கள் நகர்வாகப் பதிவாகாமல் தொடக்க நிலையாகவே எடுத்துக்கொள்ளப்படும். தொடக்கக் கோணத்தை அமைக்க அதுவே இடம். பணம் செலவழிக்க இயலாத மாணவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. 2024-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து அதன் அசெம்பிளி பகுதியிலேயே எக்ஸ்ப்ளோடட் வியூ செய்யலாம்.

வீடியோவாகச் சேமிக்கும்போது அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 40 விநாடி வீடியோவுக்கு, 24 ஃப்ரேம் வேகத்தில், 960 படங்கள். சுருக்காத ஏவிஐ என்றால் 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு படம் சுமார் 6.2 மெகாபைட், மொத்தம் 6 ஜிகாபைட்டை ஒட்டி வந்துவிடும். ஒளி, நிழலோடு ரெண்டர் செய்து ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் பிடித்தால் 16 மணி நேரம். அப்படி ரெண்டர் செய்வதாக இருந்தால் வீடியோவாகச் சேமிக்காமல் தொடர் படங்களாகச் சேமியுங்கள்; நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை முடிந்த படங்கள் கையில் இருக்கும். சர்வீஸ் வீடியோவுக்கு இந்த ஆடம்பரம் தேவையில்லை என்பது என் கருத்து. வார்ப்பிரும்புக்கு ஒரு சாம்பல், ஸ்டீலுக்கு ஒரு வெளிர்நிறம், மாற்ற வேண்டிய சீலுக்கும் கேஸ்கெட்டுக்கும் மட்டும் உறுத்தும் ஒரு நிறம் கொடுத்துத் திரையில் தெரிவதையே சேமித்தால் போதும். பாகங்களின் பெயர்களைத் தமிழில் எழுதுவதானால், எழுத்தின் அளவைக் கைபேசித் திரையில் போட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள். உங்கள் மானிட்டரில் பெரிதாகத் தெரியும் எழுத்து அங்கே எறும்பாகிவிடும்.

டிசைன் திருத்தம் வரும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எக்ஸ்ப்ளோடட் வியூ செய்த பிறகு அசெம்பிளியில் புதிதாகச் சேர்க்கும் வாஷரோ டோவல் பின்னோ தானாக எந்தப் படியிலும் சேராது. மற்றவை எல்லாம் விலகிப்போன பிறகும் அது பழைய இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் முழுதாகப் பிரிந்த நிலையை ஒருமுறை பார்த்து, அப்படித் தனித்து நிற்கும் பாகத்தை உரிய படியைத் திருத்தி அதற்குள் சேர்த்துவிடுங்கள். டிராயிங்கில் பலூன் எண்களோடு (வட்டத்துக்குள் எழுதும் பாக எண்களோடு) போகும் எக்ஸ்ப்ளோடட் படமும் அதே வியூவிலிருந்து எடுக்கப்படுவதால் அதுவும் கூடவே சரியாகிவிடும்.